சாமித்தட்டில் வைத்த படம்

போன வருடம் பனி கரைந்து முடிந்த கையோடு, ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கம் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் நடந்த விடயம் இது. எழுதலாமா விடலாமா என்று இவ்வளவு நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி மெல்ல மெல்லத்தான் எழுதுவேன். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தித் தந்தாள். விடயத்தில் கை வைக்க நான் விடவில்லை. இதில் ஒருவருடைய பெயரும் இல்லை, சம்பந்தப்பட்ட நாட்டின் பெயரும் இல்லை. ஏன் என்று வாசித்து வரும்போது உங்களுக்கே விளங்கும்.

கணவர் காலமான பிறகு மகளோடும் மருமகனோடும் இருக்கிறேன். அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க வீடு என்னுடையது. குளித்து, விளக்கேற்றி, தேத்தண்ணியோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தால் உலகத்துச் சண்டைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. எந்த ஆயுதக்குழு எந்தப் பட்டணத்தைப் பிடித்தது, சமாதானப் படை எங்கே போய் முகாம் போட்டது என்று பின்னேரம் மருமகனுக்கு நான்தான் சொல்லுவேன்.

"மாமியைத்தான் உந்தப் படைக்குத் தளபதியாப் போடவேணும்" என்று அவர் பகிடி விடுவார்.

"போட்டால் உவங்களை விட நல்லாச் செய்வன்" என்பேன். அவர் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்படி நினைக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில், சமாதானம் காக்க வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்த பிறநாட்டுப் படை, ஒருநாள் ஊர்ச் சனத்தை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தியது. ஒரு வாகனத்துக்குள், சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். அவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை இழுத்துக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்று எங்கள் சனம் சொன்னது அப்படிப்பட்டவனைத்தான். பக்கத்து வீட்டுப் பெடியன் எங்கே என்று அன்றைக்கு என்னிடமும் கேட்டார்கள். எங்கே என்று எனக்குத் தெரியும். அடித்தும் கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெடியன் இன்றைக்கு ஐரோப்பாவில் பேரப்பிள்ளைகளைக் கண்டவன்.

எனக்குப் படிப்பு இல்லை. உத்தியோகம் பார்த்ததில்லை. ஆனால் அடி வாங்கியும் வாய் திறக்காதவள் என்ற பெருமை இருந்தது. அதைக் கொண்டுதான் கடல் தாண்டி வந்தேன். கலியாண வீடு, செத்த வீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் நான் எழும்பியதில்லை.

இனி எதிர்வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆபிரிக்காவில் ஒரு நாட்டிலிருந்து அகதியாக வந்தவள். வயதானவர்களைப் பராமரிக்கும் இடத்தில் இரவு வேலை. ஒருநாள் நான் மிளகாய் பொரித்துக்கொண்டிருக்க, கதவைத் தட்டினாள். புகை மணத்துக்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நானும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டுதான் திறந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன சமைக்கிறாய், எனக்கும் கொஞ்சம் தருவாயா?" என்று கேட்டாள். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். என் ஆங்கிலமும் ஓட்டை, அவளுடையதும் ஓட்டை. ஒருவருக்கு ஒருவர் வெட்கப்படத் தேவை இருக்கவில்லை. என்னை மமா என்று கூப்பிடுவாள். நான் அவளைப் பிள்ளை என்பேன். அதன் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவளுடைய தம்பி ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர்களுடைய பட்டணத்தை ஓர் ஆயுதக்குழு பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சண்டைக்கு இழுத்துக்கொண்டு போனது. அந்த நேரம் சமாதானப் படையின் வெள்ளை வாகனங்களோடு வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரரும் வந்தார்கள். தம்பி அவர்களுக்கு முன்னால் இருந்து நடந்ததை எல்லாம் சொன்னான். முகத்தைக் காட்டமாட்டோம் என்றார்கள். சொன்னபடி காட்டவில்லை. குரலை மாற்ற மறந்துவிட்டார்கள். தொலைக்காட்சிக்காரர் விமானம் ஏறினார்கள். வெள்ளை வாகனங்கள் முகாமுக்குத் திரும்பிப் போயின. குரலை வைத்து ஆளை அடையாளம் கண்ட குழுக்காரர் அவனைத் தேடத் தொடங்கினார்கள். அவன் வயதான தாயையும் கூட்டிக்கொண்டு தூர இடத்துக்கு ஓடி, ஒரு சமாதானப் படை முகாமுக்குப் பக்கத்தில் அகதிகள் கூடாரத்தில் வேறு பெயரில் இருந்தான். அவன் எல்லை தாண்டிவிட்டான் என்றுதான் குழுக்காரர் நம்பியிருந்தார்கள். கூடாரங்களுக்குள்ளும் அவர்களுடைய ஆட்கள் சனத்தோடு சனமாக இருப்பார்களாம்.

இதை எல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று சொன்னாள். பிறகு ஒருநாள் தம்பியின் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டு வந்து, சாமிப்படங்கள் அடுக்கியிருக்கும் என் சாமித்தட்டைக் காட்டினாள்.

"மமா, உன்னிடம் நிறையக் கடவுள்கள் இருக்கிறார்கள். ஒருவருக்காவது நேரம் இருக்கும்" என்றாள்.

இருவரும் சிரித்தோம். படத்தைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் போகும்போது வாசலில் நின்று, "யாருக்கும் சொல்லாதே மமா" என்றாள். நான் பள்ளிக்கூட மைதானத்துக் கதையைச் சொன்னேன். சொல்லி, என் வாயில் கையை வைத்துக் காட்டினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

காலையில் சாமிப்படங்களுக்குச் சந்தனப் பொட்டு வைக்கும்போது தம்பியின் படத்துக்கும் ஒன்று வைத்துவிடுவேன். பூவும் வைப்பேன். மகள் கண்டுவிட்டுச் சத்தம் போட்டாள்.

"அம்மா, உயிரோட இருக்கிற ஆளுக்கு ஆரும் உப்பிடிப் பொட்டும் பூவும் வைப்பினமே? பாக்கிற ஆக்கள் செத்துப்போனவர் எண்டெல்லோ நினைப்பினம்."

"ஒரு தட்டில இருக்கேக்க ஒராளுக்கு மட்டும் வைக்காமல் விடுறதே? அது சரியில்லைப் பிள்ளை" என்றேன். என் முறை எனக்கு.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு செய்தியாளர் பிள்ளை வந்தாள். இங்கேயே பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. ஆங்கிலத் தொலைக்காட்சி ஒன்றில் வேலை. சமாதானப் படைகளும் செய்திக்காரர்களும் ஆயுதக்குழுக்களைச் சரியாகக் கையாளுகிறார்களா என்று, பல நாட்டுச் சண்டைகளைக் கண்டு இந்த நகரத்துக்கு வந்தவர்களைக் கேட்டு ஒரு நிகழ்ச்சி செய்கிறாளாம். றிச்மண்ட் ஹில் கோயிலில் யாரோ என்னைக் கைகாட்டி விட்டிருக்கிறார்கள். காட்டாமல் விடுவார்களா? அந்தக் கோயிலில் என் கதையைக் கேட்காத ஆள் இல்லை.

மாம்பழ நிறக் காஞ்சிபுரம் உடுத்தேன். வடை சுட்டேன். கமராக்காரன் ஒரு நெட்டை வெள்ளைக்காரப் பெடியன், சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்தான். அந்தப் பிள்ளையும் பணிவான பிள்ளை.

"அம்மம்மா, ஏதாவது சொல்ல விருப்பம் இல்லாட்டி ஜஸ்ட் சொல்லுங்கோ, நாங்கள் கட் பண்ணுவம். ஓகேயா?"

"நான் சொல்லுறதில வெட்ட ஒண்டும் இராது பிள்ளை. நீ கேள்."

கேட்டாள். நான் விடவில்லை. மைதானத்தைச் சொன்னேன், சாக்கைச் சொன்னேன், அடியைச் சொன்னேன். "சமாதானப் படை எண்டு நிக்கிறதுகள் எல்லாம் நட்டு வைச்ச கம்பம்" என்றேன். செய்திக்காரரையும் விடவில்லை. "வருவினம், அழுகிற சனத்தைப் படம் எடுப்பினம், போவினம். அவையள் போன பிறகு அந்தச் சனத்தின்ர கதவை ஆர் தட்டுவான் எண்டு ஆராவது யோசிக்கிறதோ?" என்று அவளைப் பார்த்தே கேட்டேன். அவள் முகம் ஒரு மாதிரிப் போனது. எனக்கு உள்ளுக்குள் நல்ல திருப்தி.

எல்லாம் முடிந்து வடை சாப்பிடும்போது, வீட்டையும் கொஞ்சம் எடுக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக எடுங்கோ என்றேன். கமராக்காரன் சாமித்தட்டுக்குக் கிட்டப் போனான். செய்தியாளர் பிள்ளை அந்தத் தம்பியின் படத்தைக் கண்டாள். பொட்டையும் பூவையும் எரிகிற விளக்கையும் கண்டாள்.

"இது ஆர் அம்மம்மா?"

"எதிர்வீட்டுப் பிள்ளையின்ர தம்பி."

"அச்சோ. அவரும் சண்டையில செத்திட்டாரா?"

விளக்கு எரியும்போது, சாமிக்கு முன்னால், உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளையைச் செத்தவன் என்று ஒரு வாய் சொல்லிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு அது தெரியும். அப்படி ஒரு சொல் விழுந்தால் அதை உடனே அழிக்கவேண்டும். "சீ, உந்தக் கதை கதையாதை" என்றேன். "அவன் ஏன் சாகிறான்? நல்ல உயிரோட இருக்கிறான். வேற பேரில, அந்தப் படை முகாமுக்குப் பக்கத்தில, தாயோட இருக்கிறான்" என்று முகாம் இருக்கும் இடத்தின் பெயரையும் சொன்னேன். இடத்தையும் சொன்னால்தான் அந்தக் கெட்ட சொல் முழுக்க அழியும் என்று அந்த நேரம் பட்டது.

"ரியலி? உயிரோட இருக்கிறாரா?" என்று அவள் சந்தோசமாகக் கேட்டாள்.

நான் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

அடுத்த நாள் அவள் போன் எடுத்தாள். "அம்மம்மா, அந்த போட்டோ பார்ட் வெரி டச்சிங்கா வந்திருக்கு. போடலாமா? எதிர்வீட்டு அன்ரிக்கு ஓகேயா?"

அவள் கேட்டாள். இதை நான் மறைக்கக் கூடாது. எதிர்வீட்டுக் கதவு கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் இரவு வேலை முடித்துப் படுத்திருப்பாள், எழுப்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்தப் பகுதியில்தான் நான் வடிவாக இருக்கிறேன் என்று செய்தியாளர் பிள்ளை சொல்லியிருந்தாள்.

"அவள் என்ர பிள்ளை மாதிரி. நான் சொன்னால் அவள் சொன்ன மாதிரித்தான். நீ போடு" என்றேன்.

நிகழ்ச்சி வந்தது. என் தமிழுக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, ஆனால் அழகாக ஓடியது. விட்பியில் இருக்கும் என் தங்கை போன் எடுத்தாள். "அக்கா, கதை கிடக்கட்டும், சீலை என்ன மாதிரி எடுப்பா இருந்தது" என்றாள். மருமகன், "இனி மாமியோட கதைக்கிறதுக்கு அப்பொயின்மென்ற் எடுக்கவேணும்" என்றார். வெள்ளிக்கிழமை கோயிலில் தெரியாத ஆட்கள் எல்லாம் வந்து கையைப் பிடித்தார்கள். நான் பிரகாரத்தை மற்ற நாட்களை விட மெதுவாகவே சுற்றினேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு நாள், மத்தியான நேரம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கதவு தட்டுப்பட்டது. எதிர்வீட்டுப் பிள்ளை, இரவு வேலை உடுப்பை மாற்றாமல், கையில் போனோடு நின்றாள். நிகழ்ச்சியை இப்போதுதான் பார்த்திருக்கிறாள் என்று நினைத்து, "வா பிள்ளை, எப்படி இருந்தது?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டேன்.

அவள் உள்ளே வரவில்லை. போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதில் நான் இருந்தேன். நிகழ்ச்சியில் அந்தத் துண்டை மட்டும் யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். சத்தம் இல்லை. கீழே ஓடிய ஆங்கில எழுத்தில் முகாம் இருக்கும் இடத்தின் பெயரும் இருந்ததாம். மாம்பழச் சீலை, சாமித்தட்டு, தம்பியின் முகம், பிறகு நான் தலையை ஆட்டுகிறேன். அது முடிந்து திரும்பவும் தொடங்கியது. திரும்பவும் ஆட்டுகிறேன்.

அந்த ஆயுதக்குழுவுக்கு ஆதரவான ஆட்கள் இந்த நகரத்திலும் இருக்கிறார்களாம். எங்களுக்குள் எல்லா விதமான ஆட்களும் இருப்பது போலத்தானே அவர்களுக்குள்ளும் இருப்பார்கள். அது எனக்கு ஏன் தோன்றவில்லை? அவர்கள் அந்தத் துண்டை ஊருக்கு அனுப்பி, அது அங்கே கை மாறிக் கை மாறிப் போய்விட்டது. படத்துக்குக் கீழே அவர்களுடைய பாசையில் ஏதோ எழுதியிருந்தது. அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா மமா? 'நன்றி, அம்மா' என்று எழுதியிருக்கிறது."

அவள் கத்தவில்லை. படத்தைத் தா என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அன்று காலையில் வைத்த பொட்டு கண்ணாடியில் இருந்தது. அதைப் பெருவிரலால் துடைத்துவிட்டுப் போனாள்.

மகளைக் கொண்டு உடனே செய்தியாளர் பிள்ளைக்குப் போன் எடுப்பித்தேன். அவள் அன்றைக்கே தன் மேலதிகாரிகளோடு சண்டை பிடித்து அந்தப் பகுதியைத் தூக்குவித்தாள். ஆனால் வெட்டி எடுத்தவர்களிடம் இருந்ததை யார் தூக்குவது? பின்னேரம் வீட்டுக்கே வந்தாள். வாசலில் நின்று அழுதாள்.

"நான் உங்களிட்டக் கேட்டன் அம்மம்மா. அவவிட்டக் கேட்டிருக்கவேணும். அது என்ர வேலை."

"என்னட்டக் கேட்டது பிழையில்லைப் பிள்ளை. நான் சொன்னதுதான் பிழை" என்றேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு இருவருக்கும் தைரியம் வரவில்லை. இருவரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகு நடந்ததை எதிர்வீட்டுப் பிள்ளை மகளிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை. முகாமுக்கு வெளியே புது முகங்கள் வந்து விசாரிக்கத் தொடங்கியதும் தம்பி படை முகாம் வாசலுக்கு ஓடியிருக்கிறான். ஒரு பகல் அவனைக் கம்பிக்கு உள்ளே வைத்திருந்தார்கள். தனி ஒருவனைக் காவல் காக்கத் தங்களுக்கு உத்தரவு இல்லை என்று பிறகு சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தப் படையில் ஒருவன், என்ன பதவியோ தெரியாது, எல்லைப் பக்கம் போகும் தங்கள் வாகனம் ஒன்றில் சாமான்களுக்கு நடுவில் அவனை இருத்தி அனுப்பியிருக்கிறான். பிடிபட்டிருந்தால் அனுப்பியவனுடைய வேலை போயிருக்கும். நான் நட்டு வைச்ச கம்பம் என்று உலகத்துக்கே சொன்ன ஆட்களில் ஒருவன்.

தம்பி உயிரோடு இருக்கிறான். வேறு நாட்டில் இருக்கிறான். அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஆனால் அந்த வாகனத்தில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. தாய் கூடாரத்தில் நின்றுவிட்டாள். அவளுக்கும் என் வயதுதானாம். முழங்கால் ஏலாது. தண்ணி அள்ளிக் கொடுத்ததும், கைபிடித்து வெளியே கூட்டிப் போனதும் அந்த மகன்தான். இப்போது யாரோ ஒரு பெண் இடைக்கிடை தண்ணி கொண்டு வந்து கொடுக்கிறாளாம். அவள் வராத நாட்களில் தாய் தானே ஊன்றி ஊன்றிப் போய் வரிசையில் நிற்கிறாள். குசினியில் குழாயைத் திறக்கும்போது எனக்குக் கை கூசுகிறது.

சமாதானப் படைகள் சரியா, செய்திக்காரர் சரியா என்று அந்தப் பிள்ளை கேட்டபோது என்னிடம் பதில் தயாராக இருந்தது. இப்போது மருமகன் பின்னேரம் வந்து, "மாமி, இண்டைக்கு எந்தப் பட்டணம்?" என்று கேட்டால், "பாக்கேல்லை" என்கிறேன். பார்க்காமல் இருப்பதில்லை. பார்க்கிறேன். திரையில் அழும் சனத்துக்குப் பின்னால் யாருடைய முகமாவது தெரிந்தால், இவரிடம் கேட்டார்களா என்றுதான் முதலில் நினைக்கிறேன்.

எதிர்வீட்டுப் பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மரியாதை குறைந்த பிள்ளை இல்லை. நான் தடியோடு வருவதைக் கண்டால் லிஃப்ற் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆனால் அவள் போனில் கதைத்துக்கொண்டிருந்தால், நான் உள்ளே ஏறியதும் குரலைத் தணித்துவிடுகிறாள். அவளுடைய பாசையில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அப்படியிருந்தும் தணிக்கிறாள். ஊரில் சில ஆட்கள் வந்தால் நாங்களும் இப்படித்தான் குரலைத் தணிப்போம்.

மைதானத்துக் கதையை நான் இப்போது எங்கேயும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டில், "அன்ரி, அந்தக் கதையைச் சொல்லுங்கோவன்" என்று கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தச் சாக்குக்குள் இருந்தவனை ஆயுள் முழுக்கத் திட்டியவள் நான். அவனாவது முகத்தை மூடிக்கொண்டு ஆட்டினான், நான் காஞ்சிபுரம் உடுத்து, விளக்கேற்றி, முகத்தைக் கமராவுக்குக் காட்டிக்கொண்டு ஆட்டினேன் என்பது, பிள்ளையாருக்குப் பக்கத்தில் வெறுமையாய்க் கிடக்கும் அந்த இடத்தைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் என் தலையைக் குனிய வைக்கிறது.